பறவைப் படமும் பக்கத்துக் கிளையும்

கோடியக்கரை உப்பளத்து ஓரத்தில் நின்ற உள்ளான் ஒன்றை நம் தங்கை மகன் படம் பிடித்து வந்தான். கைக்குள் அடங்கிவிடும் சிறு பறவை அது. மாலை வெயில் அதன் முதுகில் விழுந்து, சிறகுகளின் விளிம்பெல்லாம் பொன் கோடாய்த் தெரிந்தது. தாயாரின் வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்காக அப்படத்தைப் பெரிதாக்க அவன் விரும்பினான். ஆயினும் அதில் இரண்டு குறைகள் இருப்பதாகச் சொன்னான். பறவையின் பின்னே காய்ந்த கிளையொன்று குறுக்கே நீண்டிருந்தது. அதன் காலில் ஏதோ நிறமுள்ள துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "மாமா, இவ்விரண்டையும் எடுத்துவிட்டால் பறவை மட்டும் தனித்து நிற்கும். எடுக்கலாமா?" என்று கேட்டான். கணிப்பொறியில் அது ஐந்து நிமிட வேலையாம். "தாராளமாக எடு" என்றோம். அந்த விடையை நாம் எவ்வளவு யோசனையின்றிச் சொன்னோம் என்பதைப் பின்னர் சொல்வோம். முதலில், அவன் கேட்ட கேள்வி எத்தனை பழையது என்பதைக் காண்போம்.

ஹிந்துஸ்தானத்து மன்னர்களுள் ஜஹாங்கீரைப் போல் பறவைகளை உற்று நோக்கியவர் வேறொருவர் இருந்ததாக நாம் அறியோம். 1612ஆம் ஆண்டில் அவருடைய அலுவலரான முகர்ரப் கான் கோவாவிலிருந்து சில அரிய உயிரினங்களை வாங்கி வந்து தர்பாரில் சேர்த்தார். அவற்றுள் ஒன்று, அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த வான்கோழி. மன்னர் அதன் தலையும் கழுத்தும் நிறம் மாறுவதை வியந்து தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் ஓவியர்களை அழைத்து வரையவும் கட்டளையிட்டார். தம் முப்பாட்டனார் பாபர் பாதுஷா விலங்கினங்களைப் பற்றி எழுதி வைத்தாரேயன்றி அவற்றை வரைவிக்கவில்லை என்று அவர் அங்கே குறிப்பிடுவது கவனிக்கத்தக்கது. கேட்போர் நம்புவதற்குச் சொல் மட்டும் போதாது, கண்ணும் சாட்சி சொல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. அந்த வான்கோழியை வரைந்தவர் உஸ்தாத் மன்சூர். 'நாதிருல் அஸ்ர்', அதாவது 'காலத்தின் அரும்பொருள்' என்ற பட்டம் பெற்றவர். அவ்வோவியம் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மன்சூரின் ஓவியங்களைப் பார்ப்போர் உடனே ஓர் ஐயம் எழுப்பலாம். வான்கோழியின் பின்னே தர்பாரும் இல்லை, கூண்டும் இல்லை, காவலாளும் இல்லை. கல்கத்தா இந்தியன் மியூசியத்தில் உள்ள சைபீரியக் கொக்கின் ஓவியமும் அவ்வாறே. எதிரே நிற்பது பறவை ஒன்றுதான். தங்கை மகன் செய்ய விரும்பியதை மன்சூர் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டாரே, அவரைக் குறை சொல்வாருண்டோ?

இல்லைதான். ஆனால் மன்சூர் எதை விட்டார், எதை விடவில்லை என்று பார்க்க வேண்டும். கொக்கின் முகத்தில் இறகில்லாத தோல் உண்டு. அழகுக்காக வரைபவன் அதை மெழுகிவிடுவான். மன்சூரோ அத்தோலின் சுருக்கங்களைக் கூட ஒவ்வொன்றாக வரைந்தார். பறவையின் மேனியில் எதையும் அவர் குறைக்கவில்லை. அந்தக் கொக்கினத்தை ஐரோப்பிய அறிவியலார் பல்லாஸ் என்பவரின் மூலம் 1773இல்தான் பெயரிட்டு விவரித்தனர். மன்சூரின் தூரிகை அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முந்தியது. மேலும், வெற்றுத் தாளில் நிற்கும் கொக்கைக் கண்டு, 'இக்கொக்கு வெட்ட வெளியில் ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது' என்று எவரும் நம்பப் போவதில்லை. தூரிகையின் வழக்கம் அது என்பதைப் பார்ப்பவனும் அறிவான், வரைந்தவனும் அறிவான்.

காமிரா அப்படியன்று. 'நான் நின்ற இடத்தில், அந்த நொடியில், என் முன் இருந்தவை இவை' என்பது அது தரும் வாக்கு. அவ்வாக்கை நம்பித்தான் நாம் படத்தைப் பார்க்கிறோம்.

இதே வேறுபாடு நம்மவரிடையே வேறொரு வகையில் பேசப்பட்டதுண்டு. ஒளிப்படம் கூடுமா கூடாதா என்ற விவாதம் எழுந்தபோது, 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மத் பகீத் அல் முத்தீயி, காமிராவால் எடுப்பது உருவத்தைப் புதிதாகப் படைப்பதன்று, இருக்கின்ற ஒன்றின் நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று வாதிட்டார். அதனை ஏற்காத ஆலிம்களும் பலர் உளர். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே வரவில்லை. ஆயினும் நிழலைப் பிடித்து நிறுத்துவது என்று சொல்லிவிட்டு, பிறகு அந்நிழலில் வேண்டாததை அழித்தும் வேண்டியதைச் சேர்த்தும் கைவேலை செய்தால், அந்த வாதம் எங்கே போய் நிற்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

இனி மன்சூரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் மற்றோர் ஓவியத்துக்கு வருவோம். இது கையெழுத்தில்லாதது, ஆயினும் அவருடையது என்றே அறிஞர் பலர் கருதுகின்றனர். ரஷ்ய நாட்டின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் இது, இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில்தான் ஆராய்ச்சியாளரின் கவனத்துக்கு வந்தது. தாளின் நடுவே பழுப்பு நிறத்தில் பருத்த அலகுடன் ஒரு பறவை நிற்கிறது. அது டோடோ.

டோடோவின் கதையை நேயர்கள் அறிவார்கள். மொரிஷியஸ் தீவில் மட்டும் வாழ்ந்த பறக்க இயலாத பறவை. கப்பலில் வந்த மனிதரும், அவர்களோடு வந்த பன்றியும் எலியும் குரங்கும் அதன் குலத்தை நாசமாக்கின. 1662க்குப் பின் அதைக் கண்டதாக உறுதியான செய்தி இல்லை. முழு உடலும் எங்கும் மிஞ்சவில்லை. ஐரோப்பாவில் அதைப் பலர் வரைந்தனர். அவர்களுள் சாவெரி என்பவரின் ஓவியங்கள் பெயர் பெற்றவை. கொழுத்து உருண்டு நகைப்பூட்டும் டோடோவை உலகுக்குப் பழக்கியவை அவைதாம். ஆனால் உயிருள்ள டோடோவை நேரில் கண்டு வரைந்தவர் யார், பிறர் வரைந்ததைப் பார்த்து வரைந்தவர் யார் என்று பிரித்தறிவது பெரும்பாடு. இந்நிலையில் மொகலாய ஓவியத்துக்கு ஒரு தனி மதிப்புக் கிடைத்தது. ஏன் தெரியுமா?

அந்த டோடோவைச் சுற்றி வேறு பறவைகளும் இருக்கின்றன. இமயமலைக் காடுகளின் டிராகோபன் கோழி ஒன்று, தலையில் கறுப்புக் கோடுகள் கொண்ட வரித்தலை வாத்து, கல்கவுதாரி, தலைகீழாய்த் தொங்கி உறங்கும் மலாய் நாட்டுச் சிறுகிளி. டோடோவைக் காண வருபவனுக்கு இவையெல்லாம் இடைஞ்சல்தாம். ஆனால் இவை இன்றும் உயிரோடிருக்கும் இனங்கள். ஓவியத்தையும் உயிருள்ள பறவையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஒப்பிட்டவர்கள், ஓவியர் இவற்றை நிறம் பிசகாமல் வரைந்திருப்பதைக் கண்டனர். பக்கத்துப் பறவைகளில் பொய் சொல்லாதவர் நடுப்பறவையிலும் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்பது அவர்கள் கொண்ட முடிவு. 1628க்கும் 1634க்கும் இடையே இங்கு வந்திருந்த பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர், சூரத்தில் இரண்டு டோடோக்களைக் கண்டதாக எழுதியிருப்பதும் இதற்குத் துணை நிற்கிறது. பின்னாளில் யாரேனும் ஒருவர், 'டோடோ ஒன்று போதும், மற்றவை கவனத்தைக் கலைக்கின்றன' என்று அத்தாளின் ஓரங்களைக் கத்தரித்திருந்தால்? அக்காலத்து ஓவியங்களைக் கத்தரித்துத் தொகுப்பேட்டில் ஒட்டிப் புதுக்கரை கட்டும் வழக்கம் இருக்கத்தான் செய்தது. டோடோ பிழைத்திருக்கும், அதன் சாட்சிகள் போயிருப்பார்கள்.

ஒளிப்படக் காலத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் யார்க்ஷயர் மலைப்பகுதியில் பிறந்த ரிச்சர்டு கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்ற உடன்பிறப்புக்கள் 1892இல் பறவைக் கூடு ஒன்றை முட்டைகளோடு படமெடுத்தனர். 1895இல் முழுக்க முழுக்க ஒளிப்படங்களாலேயே விளக்கப்பட்ட கூடுகள் பற்றிய நூலை வெளியிட்டனர். பாடம் செய்த மாட்டுத் தோலைப் போர்த்த உட்குடைவான உருவத்துக்குள் ஒளிந்திருந்து அவர்கள் பறவைகளை அணுகியதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதற்கு முன் பறவையை வரைய வேண்டுமென்றால் அதைச் சுட்டுக் கொன்று, கம்பியால் முடுக்கி நிறுத்தித்தான் வரைந்தனர். அமெரிக்காவின் புகழ்மிக்க ஓவியர் ஆடுபானும் அவ்வாறு செய்தவரே. கொல்லாமல் பறவையைக் கொண்டுவரலாம் என்று காட்டியவர்கள் என்ற வகையில் கீர்ட்டன் சகோதரர்கள் செய்தது சிறிய புரட்சியன்று.

ஆனால் கூட்டைப் படமெடுக்கும் பழக்கத்தோடு வேறொரு தீமையும் வந்தது. பறவை கூட்டை மறைவாகத்தானே கட்டும்? காமிராவுக்கோ மறைவு ஆகாது. எனவே குறுக்கே வந்த கிளைகளையும் இலைகளையும் விலக்கத் தொடங்கினர். பொறுப்புள்ளவர்கள் கிளையை நூலால் கட்டி ஒதுக்கிவைத்து, படம் எடுத்தபின் அவிழ்த்துவிட்டனர். பொறுப்பற்றவர்கள் வெட்டினர். வெட்டினால் என்ன ஆகும்? நண்பகல் வெயில் நேரே குஞ்சுகளின் மீது விழும். இதுவரை இலைக்குள் மறைந்திருந்த கூடு காக்கைக்கும் பாம்புக்கும் திறந்த பந்தி ஆகிவிடும். படம் தெளிவாக வரும். படத்திலுள்ள குஞ்சுகள் அன்று மாலை இருக்குமா என்பது வேறு செய்தி. இன்று பல போட்டிகள் கூட்டில் எடுத்த படங்களை அறவே ஏற்பதில்லை என்றால் அதற்குக் காரணம் இதுவே. இந்த வகையில் பார்த்தால், கிளையைக் கணிப்பொறியில் அழிப்பவன் மரத்தில் வெட்டுபவனைவிட நல்லவன்தான். அதை நாம் மறுக்கவில்லை.

இங்கே சிங்கப்பூர்ச் செல்வர் லோக் வான் தோவைப் பற்றிச் சில சொற்கள். 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரை நெருங்கியபோது அவர் ஏறித் தப்பிய கப்பல் குண்டுவீச்சுக்கு இலக்காகி, உடல் வெந்து, சில காலம் பார்வையும் இழந்தார். பார்வை மீண்டு இந்தியாவுக்கு வந்தவர் இங்கே சாலிம் அலியைச் சந்தித்தார். கண்ணை இழந்து பெற்றவரான அவர் பறவைகளைப் படமெடுப்பதிலேயே தம் ஓய்வையெல்லாம் செலவிட்டார். சாலிம் அலியின் ஆய்வுப் பயணங்கள் சிலவற்றுக்குப் பொருளும் தந்து உதவினார். 1964இல் தைவானில் விமான விபத்தில் காலமானார். பறவையை அறிந்தவரும் ஒளியை அறிந்தவரும் சேர்ந்து நடந்த அந்த நட்பு, படம் என்பது அழகுப் பொருளாகவும் ஆதாரமாகவும் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதற்கு நல்ல சான்று.

ஆதாரம் என்றோம். ஆதாரத்தில் கை வைத்தால் என்ன நேரும் என்பதற்கும் சாலிம் அலியின் வாழ்வோடு தொட்ட ஒரு நிகழ்ச்சியே உண்டு. 1937இல் அவர் ஆப்கானிஸ்தானத்துக்குப் பயணம் சென்றபோது உடனிருந்தவர் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி. பறவை நூலில் பெரும் பெயர் பெற்றவர். 1967இல் அவர் இறந்தபின், 1990களில் அவருடைய சேகரிப்பை ஆராய்ந்தவர்கள் திடுக்கிட்டனர். அருங்காட்சியகத்திலிருந்து பாடம் செய்த பறவைகளைத் திருடி, பழைய சீட்டைக் கழற்றித் தம் கையால் புதுச் சீட்டுக் கட்டியிருந்தார். இடம் பொய், நாள் பொய். பறவை மட்டும் மெய்.

அச்சீட்டுக்களுள் ஒன்று, நடு இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தைக்குரியது. 1884க்குப் பின் எவர் கையிலும் அகப்படாத அவ்வாந்தையைத் தாம் 1914இல் குஜராத்து மாண்ட்வியில் பிடித்ததாக அவர் எழுதி வைத்திருந்தார். அதை நம்பித் தேடியவர்களுக்கு எதுவும் கிட்டவில்லை. பழைய உடலைப் பிரித்து, உள்ளிருந்த பஞ்சையும் தையலையும் ஆராய்ந்து பொய்யை வெளிப்படுத்திய பமீலா ராஸ்முசென் என்ற அம்மையார், அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு உண்மையான பழைய குறிப்புகள் காட்டிய திசையில் தம் தோழர் இருவருடன் தேடினார். 1997 நவம்பரில், சாத்பூரா மலையடிவாரத்தில் ஆந்தை பட்டப்பகலில் கிளையில் அமர்ந்திருந்தது. 113 ஆண்டுகள்! சாலிம் அலி அதைக் கேட்க உயிரோடில்லை. பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1987இல், மறைந்துவிட்டார்.

இதைப் படிக்கையில் ஹதீஸ் கலை வல்லுநர்களின் பேணுதல் நினைவுக்கு வருகிறது. அறிவிப்பாளர் ஒருவருக்கு ஒரு சொல்லில் ஐயம் இருந்தால், 'அல்லது இவ்வாறு சொன்னார்' என்று அந்த ஐயத்தையும் சேர்த்தே பதிவு செய்தார்கள். வாசகம் தடங்கலின்றி ஓட வேண்டும் என்பதற்காக ஐயத்தை அழிக்கவில்லை. அறிவிப்பாளர் தம் விளக்கமாய் இடையில் சேர்த்த சொல் இருந்தால் அதையும் தனியே இனங்காட்டினார்கள். கேட்பதற்கு இடறலாயிருக்கும் அச்சிறு தொடர்தான் மற்றவை மீது நமக்கு நம்பிக்கை தருகிறது.

இனித் தங்கை மகனின் உள்ளானுக்கு வருவோம்.

1959ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, சாலிம் அலியின் முயற்சியால் பறவைகளின் வலசையை ஆராயும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பறவைகளை வலையில் பிடித்து, காலில் எண் பொறித்த மெல்லிய உலோக வளையம் பூட்டி விடுவித்தனர். எங்கேனும் அவ்வளையம் மீண்டும் கிடைத்தால், பறவை போன வழி தெரியும். கோடியக்கரையும் அப்பணி நடந்த இடங்களுள் ஒன்று. பிற்காலத்தில் தொலைவிலிருந்தே படிக்கும்படி நிறமுள்ள சிறு கொடிகளைக் காலில் பூட்டலாயினர். எந்த நிறம் எந்த நாட்டுக்கு என்று தமக்குள் வகுத்தும் கொண்டனர். வரித்தலை வாத்துக்களுக்குக் கழுத்தில் பட்டை. மங்கோலியாவில் பட்டை பூட்டப்பட்ட வாத்துக்கள் இமயத்தைத் தாண்டித் தென்னிந்தியக் குளங்களுக்கு வருவதைப் பறவை ஆர்வலர் எடுத்த படங்களே காட்டிக்கொடுத்தன. பறவையைப் பிடிக்க வேண்டியதில்லை. எழுத்துத் தெரியும்படி ஒரு படம் போதும்.

உலகின் பெரிய ஒளிப்படச் சங்கங்கள் மூன்று 2014இல் கூடி இயற்கைப் படத்துக்கு ஒரு பொது இலக்கணம் வகுத்தன. ஓரத்தை வெட்டிச் சுருக்கலாம், தூசைத் துடைக்கலாம், ஒளியைச் சீர்செய்யலாம். படத்தில் இருந்ததை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. மனிதன் செய்த பொருள்களைப் பெரும்பாலும் ஏற்காத அந்த இலக்கணம், ஆய்வுக்காகப் பூட்டிய வளையத்தையும் பட்டையையும் மட்டும் பெயர் சொல்லி அனுமதித்தது.

அந்த உள்ளானின் காலில் இருந்த 'துணுக்கு' இத்தகைய கொடிதான் என்பதை நாம் அறிந்தது பின்னர். பறவை நூல் ஒன்றைப் புரட்டுகையில் கொடியணிந்த உள்ளானின் படத்தைக் கண்டு, நெஞ்சு திக்கென்றது. தங்கை மகனை அழைத்து மூலப் படத்தைக் கேட்டோம். "அதன் மேலேயே திருத்திச் சேமித்துவிட்டேனே, மாமா" என்றான். கொடியின் நிறம் என்ன என்று கேட்டோம். மஞ்சளாக இருக்கலாம் என்றான். பிறகு, வெயில் பட்டதால் அப்படித் தோன்றியிருக்கலாம், வெள்ளையாகவும் இருக்கலாம் என்றான். எந்த நாட்டில் எவரோ ஒருவர் விடியற்காலைக் குளிரில் வலை விரித்து, அந்தச் சிறு உயிரைக் கையில் ஏந்தி, காலில் கொடி பூட்டி, 'போய் வா' என்று விட்டிருப்பார். அவருக்குப் போய்ச் சேர வேண்டிய விடை நம் வீட்டில் வந்து அழிந்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கேட்டவன் அவன், 'தாராளமாக' என்றவர் நாம்.

கிளையை எடுத்ததிலும் குற்றமுண்டா என்று அவன் கேட்டான். வீட்டில் மாட்டும் படத்துக்குக் கிளை போனால் உலகம் மூழ்கிவிடாது என்றோம். மூலத்தைத் தனியே வைத்துக்கொண்டு, கேட்டவர்க்கு 'இது திருத்திய படம்' என்று சொல்லிவிடு என்றோம். ஆனால் எது வெறும் கிளை, எது கிளையல்ல என்பதை எடுப்பவனால் அப்போதே சொல்ல முடியுமா என்பதில்தான் சிக்கல்.

கானமயிலை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுத் தேசியப் பறவையாக அதையே ஆக்க வேண்டுமென்று சாலிம் அலி விரும்பினார். இன்று ஏறத்தாழ 150 அல்லது அதற்கும் குறைவாகவே எஞ்சியுள்ளதாக மதிப்பிடுகின்றனர். பெரும்பாலும் ராஜஸ்தானத்துப் பாலைப் புல்வெளியில். கனத்த உடலும் முன்னோக்கிப் பாராத கண்ணமைப்பும் கொண்ட அப்பறவை, மின் கம்பிகளை அருகில் வந்தபின்னரே காண்கிறது. விலக நேரமின்றி மோதி மடிகிறது. கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டு செல்ல வேண்டுமென்று 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது; 2024இல் அவ்வாணையைத் தளர்த்தி, வல்லுநர் குழுவிடம் ஒப்படைத்தது. இப்பறவையைப் படமெடுப்பவனின் சட்டத்துக்குள் எங்கேனும் ஒரு கம்பி குறுக்கே ஓடத்தான் செய்யும். அழகுக்கு அது இடைஞ்சல். அதை அழித்துவிட்டால் பொன்னிறப் புல்லும் நீல வானும் நடுவே கம்பீரமான கானமயிலும் மிஞ்சும். அந்தப் படத்தை ஐம்பது ஆண்டுக்குப் பின் பார்க்கும் நம் பேரப்பிள்ளைகள், இவ்வளவு அமைதியான வெளியில் வாழ்ந்த பறவை ஏன் அழிந்தது என்று கேட்டால் விடை அப்படத்தில் இராது.

சென்ற பெருநாளுக்குத் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தில் படம் மாட்டியிருந்தது. கிளையில்லை, கொடியில்லை, பறவை தனித்து நின்றது. வந்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். படத்தின் அடியில் தங்கை மகன் சிறு தாளொன்றில் நாளும் இடமும் எழுதி ஒட்டியிருந்தான். அதன் கீழே இன்னொரு வரி: இடது காலில் கொடி இருந்தது, நிறம் மஞ்சள் அல்லது வெள்ளை.